கழுத்து எலும்புக்கு ஸ்க்ரூ: ‘எது ரொம்ப ஸ்ட்ராங்?’ என்ற கேள்வி மட்டும் போதுமா?

2022-ல் இந்தியச் சாலைகளில் நடந்த விபத்துகள் 4,61,312. உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இந்தக் கணக்கில், விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிர் பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் சிலருக்கு, ஸ்கேன் பார்த்ததும் டாக்டர் சொல்லும் ஒரு வரி குடும்பத்தையே உலுக்கிவிடும்: “மேல் கழுத்து எலும்பு நகர்ந்திருக்கு. ஸ்க்ரூ போட்டு ஃபிக்ஸ் பண்ணணும்.”

இது விபத்தில் சிக்கியவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. குளியலறையில் வழுக்கி விழும் பாட்டி, பல வருடமாக முடக்குவாதத்தோடு வாழ்கிறவர், பிறவியிலேயே கழுத்து எலும்பின் அமைப்பு மாறியிருக்கும் இளைஞர் என்று பலரும் இதே வார்த்தைகளைக் கேட்க நேரிடலாம்.

அடுத்து குடும்பத்தில் யாராவது ஒருவர் மொபைலை எடுத்துத் தேட ஆரம்பிப்பார். கம்பி, திருகு, ராடு, பிளேட் என்று ஏகப்பட்ட முறைகள் வந்து விழும். “இதுல எது ரொம்ப ஸ்ட்ராங்? அதையே போட்டுடலாமே?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆய்வகங்களில் அதற்கு ஓரளவு தெளிவான பதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பாதிக் கதைதான். மீதியை நோயாளியின் ரத்தக்குழாயும், எலும்பும், வயதும் தீர்மானிக்கின்றன.

அந்த இடத்தில் அப்படி என்ன விசேஷம்?

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மேலே இருக்கும் முதல் இரண்டும் மற்றவை போல இருக்காது. முதலாவது அட்லஸ்: வளையம் மாதிரி இருக்கும், மண்டையோடு இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது ஆக்சிஸ். இதிலிருந்து பல் போன்ற ஒரு முளை மேல்நோக்கி எழுந்து, அட்லஸ் வளையத்துக்குள் நுழைந்து நிற்கும்.

பழைய வீடுகளில் இருக்கும் திருகைக் கல்லை நினைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். கீழ்க்கல்லின் நடுவில் ஒரு முளை; மேல்கல் அதைச் சுற்றிச் சுழலும். “இல்லை” என்று தலையை ஆட்டும்போது நடப்பது ஏறக்குறைய இதுதான். கழுத்து பக்கவாட்டில் திரும்புவதில் சுமார் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 டிகிரி.

இவ்வளவு சுதந்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதால், இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் கிடையாது. எலும்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டது மாதிரி மாட்டிக்கொள்வதும் இல்லை. முளையைப் பின்பக்கமிருந்து பெல்ட் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும் லிகமென்ட் என்னும் இணைப்பு நார்தான் முக்கியக் காவல். அந்த பெல்ட்டுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தள்ளி, தண்டுவடம்.

அட்லஸ் வளையத்தின் உள்ளே இருக்கும் இடத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வது மருத்துவ மாணவர்கள் படிக்கும் பழைய விதி: ஒரு பங்கு முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, ஒரு பங்கு காலியிடம். அந்தக் காலியிடம்தான் பாதுகாப்பு. எலும்பு நகர நகர அது குறையும். அது தீர்ந்தால் தண்டுவடம் நசுங்கும். மூச்சை இயக்கும் நரம்புகள் இதற்குக் கீழேதான் பிரிகின்றன. அதனால் இங்கே ஏற்படும் காயம் கை, கால்களோடு நிற்காது, சுவாசத்தையே நிறுத்திவிடக்கூடும்.

எப்போது ஆட்டம் காணும்?

விபத்தில் முளை முறியலாம். பெல்ட் போன்ற லிகமென்ட் அறுந்துபோகலாம். முடக்குவாதம் அந்த லிகமென்ட்டையும் எலும்பையும் மெல்ல அரிக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு லிகமென்ட் தளர்ந்திருக்கும். காசநோய்க் கிருமி இந்த மூட்டுக்குள் வந்து உட்காருவதும் உண்டு. அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டிப்போவது, முளை மண்டையோட்டுக்குள் ஏறி மூளைத்தண்டை அழுத்துவது போன்ற பிறவிக் கோளாறுகளுக்கு இந்திய ஆஸ்பத்திரிகளில் நீண்ட அனுபவம் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது முளைக்கும் அட்லஸின் முன்வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரையும் குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டரையும் தாண்டினால் சந்தேகம் வரும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த படங்களில் அந்த இடைவெளி மாறினால் மூட்டு ஆடுகிறது என்று அர்த்தம்.

‘உறுதி’யை எப்படி அளக்கிறார்கள்?

தானமாகக் கிடைத்த உடல்களிலிருந்து மண்டையோட்டின் அடிப்பகுதியும் மேல் கழுத்து எலும்புகளும் எடுக்கப்படும். தசைகளை நீக்கிவிட்டு, எலும்பையும் லிகமென்ட்டையும் மட்டும் வைத்து ஒரு இயந்திரத்தில் பொருத்துவார்கள். முன்–பின், இடது–வலது சாய்வு, சுழற்சி என்று மூன்று விதமாகத் திருப்பு விசை கொடுத்து, எலும்பு எத்தனை டிகிரி நகர்கிறது என்று கேமராவால் அளப்பார்கள். பல ஆய்வுகளில் இந்த விசை சுமார் 1.5 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அவ்வளவுதான்.

முதலில் சேதமில்லாத கழுத்தை அளப்பார்கள். பிறகு லிகமென்ட்டை அறுத்தோ முளையை வெட்டியோ அளப்பார்கள். கடைசியில் கம்பியோ திருகோ போட்டு மறுபடி அளப்பார்கள். அசைவு எவ்வளவு குறைகிறதோ, அந்த முறை அவ்வளவு உறுதி.

இதில் இன்னொரு நுட்பமான அளவும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மனோகர் பஞ்சாபி பிரபலப்படுத்திய ‘நியூட்ரல் ஸோன்’. பழைய பைக்கில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி திரும்புவதற்கு முன் கொஞ்சம் ‘ப்ளே’ இருக்குமே, அது மாதிரி. பெரிய விசை இல்லாமலேயே எலும்பு தானாக ஆடும் அளவு இது. லிகமென்ட் அறுந்ததும் மொத்த அசைவை விட இந்த ‘ப்ளே’தான் முதலில் வேகமாகக் கூடும் என்பது பஞ்சாபியின் வாதம்.

பட்டு நூலில் ஆரம்பித்த கதை

1910-ல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் அட்லஸையும் ஆக்சிஸையும் சேர்த்துக் கட்ட உபயோகித்தது தடிமனான பட்டு நூல். 1939-ல் டொரன்டோவைச் சேர்ந்த கேலி, இரும்புக் கம்பியோடு எலும்புத் துண்டையும் வைத்துக் கட்டும் முறையை விவரித்தார். பின்னால் ஒரே ஒரு கட்டு. நடுவில் ஒரு எலும்பு ஒட்டு.

இந்தக் கட்டு என்ன செய்யும்? தலை முன்னால் குனியும்போது கம்பி இறுகி, அட்லஸ் முன்னே நழுவாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் கட்டு ஒரே ஒரு இடத்தில், அதுவும் நடுக்கோட்டில் இருப்பதால், தலையைத் திருப்பும்போது அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. ஒற்றை ஆணியில் அடித்த பலகை மாதிரி. கீழே விழாது, ஆனால் சுற்றும்.

1978-ல் ப்ரூக்ஸும் ஜென்கின்ஸும் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டி, இரண்டு எலும்புத் துண்டுகளை ஆப்பு மாதிரி வைத்தார்கள். சுழற்சியைத் தடுப்பது மேம்பட்டது. ஆனால் கம்பியைத் தண்டுவடத்துக்கு மிக அருகில், எலும்பின் அடியில் இரண்டு இடங்களில் நுழைக்க வேண்டியிருந்தது. உறுதி கூடினால் ஆபத்தும் கூடும் என்ற கணக்கு இந்தத் துறையில் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கம்பி முறைகளுக்கு இன்னொரு விலையும் உண்டு. கட்டு முழுசாகப் பிடிக்காது என்பதால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு ‘ஹேலோ’ மாட்டப்பட்டது. மண்டையோட்டில் ஊசித் திருகுகளைப் பதித்து, தலையைச் சுற்றி ஒரு உலோக வளையம் வைத்து, அதை மார்புக் கவசத்தோடு இணைக்கும் சாதனம் அது. போலியோவால் கழுத்து தளர்ந்தவர்களுக்காக பெர்ரியும் நிக்கலும் 1959-ல் விவரித்தது. அதோடு தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், அதுவும் மாதக்கணக்கில்.

மூட்டுக்குள்ளேயே நுழைந்த திருகு

சுவிட்சர்லாந்தின் மாகெர்ல் 1979-ல் வேறு வழியை எடுத்தார். வெளியே கட்டுவதற்குப் பதில், ஆக்சிஸிலிருந்து மூட்டையே ஊடுருவி அட்லஸுக்குள் போகும் மாதிரி இரண்டு பக்கமும் திருகு போட்டார். 1987-ல் இது விரிவாகப் பதிவானது.

1992-ல் டீட்டர் க்ரோப், பஞ்சாபி உள்ளிட்டோர் நான்கு முறைகளை ஆய்வகத்தில் ஒப்பிட்டார்கள்: கேலி கட்டு, ப்ரூக்ஸ் கட்டு, மாகெர்ல் திருகு, ஹாலிஃபாக்ஸ் கிளாம்ப். கேலி கட்டுதான் மற்ற மூன்றையும் விட அதிக அசைவுக்கு இடம் கொடுத்தது. சுழற்சியையும் பக்கச் சாய்வையும் அதிகம் தடுத்தது மாகெர்ல் திருகு.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு திருகுகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால், முன்–பின் அசைவில் கதவுக் கீல் மாதிரி கொஞ்சம் ஆட முடியும். இதைச் சரிசெய்ய பின்னால் ஒரு எலும்புத் துண்டையும் கம்பிக் கட்டையும் சேர்த்தார்கள். இப்போது மூன்று இடங்களில் பிடிப்பு. இரண்டு கால் ஸ்டூல் ஆடும்; முக்காலி ஆடாது. பிந்தைய ஆய்வுகளும் திருகோடு கட்டும் சேர்ந்த இந்த மூன்று புள்ளிப் பிடிப்பையே உறுதியானதாகக் காட்டின.

மும்பையில் தொடங்கிய முறை

மாகெர்ல் திருகு போடுவதற்கு முன்பே, நகர்ந்த எலும்புகள் சரியான இடத்துக்கு வந்திருக்க வேண்டும். திருகு மிகச் சாய்ந்த கோணத்தில் போக வேண்டும் என்பதால், முதுகில் கூன் இருந்தால் கருவியை அந்தக் கோணத்தில் பிடிப்பதே கஷ்டம். பிறவிக் கோளாறுகளில் எலும்புகள் இடம் மாறியிருக்கும் என்பதால் சிக்கல் இன்னும் அதிகம்.

இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான விடை மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையிலிருந்து வந்தது. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கோயல் 1988 முதல் அட்லஸில் தனியாக, ஆக்சிஸில் தனியாகத் திருகு போட்டு, இரண்டையும் பிளேட்டால் இணைக்கும் முறையைச் செய்துவந்தார். 1994-ல் லஹேரியோடு சேர்ந்து இதை வெளியிட்டார். 2002-ல் 160 நோயாளிகளின் அனுபவத்தைப் பதிவு செய்தார்.

2001-ல் ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸும் மெல்கரும் பிளேட்டுக்குப் பதில், தலை பல திசையில் திரும்பக்கூடிய திருகுகளையும் ராடையும் வைத்து இதே தத்துவத்தை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அது வேகமாகப் பரவியது. பல மேற்கத்தியக் கட்டுரைகளில் ‘ஹார்ம்ஸ் முறை’ என்ற பெயர் மட்டுமே இருந்தது. இப்போது ‘கோயல்–ஹார்ம்ஸ்’ என்று எழுதுவது பரவலாகிவிட்டது.

இதன் பெரிய வசதி, வரிசையை மாற்றியதுதான். முதலில் நான்கு திருகுகளையும் போட்டுவிடலாம். பிறகு அந்தத் திருகுகளையே கைப்பிடியாக வைத்து, எலும்புகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, ராடைப் பூட்டலாம். அட்லஸின் பின்வளையம் உடைந்திருந்தாலோ பிறவியிலேயே இல்லாவிட்டாலோ கம்பி கட்ட இடமே இருக்காது. இந்த முறைக்கு அந்த வளையம் தேவையில்லை. மூட்டைத் திறந்து விரித்து, நடுவில் சிறு ஸ்பேசர் வைத்து, மண்டையோட்டுக்குள் ஏறிய முளையைக் கீழே இறக்கும் முறையையும் கோயல் வளர்த்தார். டெல்லி எய்ம்ஸின் சரத் சந்திராவும் விரித்தல், அழுத்துதல் என்ற வரிசையில் எலும்பைச் சீர்செய்யும் முறையை விவரித்திருக்கிறார். ஒரு காலத்தில் வாய் வழியாகப் போய் முளையை வெட்டி எடுக்க வேண்டியிருந்த பலருக்கு, இப்போது பின்பக்க அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாகிவிட்டது.

அப்போ எதுதான் ஸ்ட்ராங்?

ஆய்வக அளவுகளைச் சுருக்கினால் படம் இப்படி இருக்கும்:

• கேலி மாதிரி ஒற்றைக் கட்டு: குனிவதைத் தடுக்கும், சுழற்சியில் பலவீனம்.

• ப்ரூக்ஸ் மாதிரி இரட்டைக் கட்டு: அதைவிட நல்லது, ஆனாலும் சுழற்சியில் திருகு அளவுக்கு இல்லை.

• மாகெர்ல் திருகு: சுழற்சியிலும் பக்கச் சாய்விலும் மிக உறுதி, பின்னால் கட்டும் சேர்ந்தால் எல்லாத் திசையிலும் உறுதி.

• கோயல்–ஹார்ம்ஸ்: கட்டு சேர்த்த மாகெர்ல் முறைக்கு இணை. 2002-ல் வெளியான ஓர் ஒப்பீடு இதைத்தான் சொன்னது. அதை எழுதியவர்களில் ஹார்ம்ஸும் ஒருவர் என்றாலும், பிற ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் இருக்கின்றன.

அதாவது கம்பிக்கும் திருகுக்கும் நடுவில் இருப்பது பெரிய வித்தியாசம். நல்ல திருகு முறைகளுக்குள் இருப்பது சின்ன வித்தியாசம். “இதுவா, அதுவா?” என்ற தேர்வை அந்தச் சின்ன வித்தியாசத்தை மட்டும் வைத்துச் செய்ய முடியாது. அங்கே வேறொன்று குறுக்கே வருகிறது.

ரத்தக்குழாய் சொல்லும் தீர்ப்பு

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் வெர்டிப்ரல் ஆர்ட்டரி, கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மேலேறி, ஆக்சிஸில் வளைந்து, அட்லஸின் மேல் சுற்றி மண்டையோட்டுக்குள் நுழைகிறது. திருகு போகும் பாதைக்கு அடுத்த வீடு மாதிரி. ஆய்வுகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, ஒரு பக்கமாவது இந்த ரத்தக்குழாய் வழக்கத்தை விட உயரமாகவோ உள்வாங்கியோ ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் மாகெர்ல் திருகு போட பாதுகாப்பான இடமே இருக்காது.

அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் நடத்தி 1998-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மாகெர்ல் திருகு போட்ட 1,318 நோயாளிகளில் 4.1 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய்க் காயம் ஏற்பட்டது அல்லது ஏற்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அதனால் நரம்புப் பாதிப்பு வந்தவர்கள் 0.2 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்தச் சிலருக்கு அது பக்கவாதம்.

கோயல்–ஹார்ம்ஸ் முறையில் திருகின் திசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியும். ஆனாலும் ஆக்சிஸில் நீளமான பெடிக்கிள் திருகு போட்டால் பிடிப்பு அதிகம். ரத்தக்குழாய் பக்கத்தில் வரும். குட்டையான திருகு போட்டால் ஆபத்து குறையும், பிடிப்பும் குறையும். 2004-ல் நீல் ரைட் விவரித்த முறையில், ஆக்சிஸின் பின்பக்கத் தகடுகளுக்குள் இரண்டு திருகுகள் குறுக்காகப் போகும். ரத்தக்குழாய் அந்தப் பக்கமே கிடையாது. ஆய்வகத்தில் இது முன்–பின் அசைவில் பெடிக்கிள் திருகுக்கு ஈடுகொடுக்கிறது. சில சோதனைகளில் பக்கச் சாய்வில் கொஞ்சம் பின்தங்குகிறது.

இப்போது ஒரு கேள்வி. நோயாளியின் ரத்தக்குழாய் உயரமாக ஓடுகிறது. பக்கச் சாய்வில் சில டிகிரி கூடுதல் உறுதிக்காக அதன் பக்கத்தில் துளை போடலாமா? பெரும்பாலான நிபுணர்கள் கொஞ்சம் உறுதி குறைந்த, ஆனால் பாதுகாப்பான பாதையைத்தான் எடுப்பார்கள். அறைக்குள் படம் பார்த்துக்கொண்டே திருகு போட உதவும் நேவிகேஷனும், நோயாளியின் எலும்பு மாதிரியே அச்சிடும் 3டி மாடல்களும் வந்தது இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான். உலோகத்தை இன்னும் வலுவாக்குவதை விட, அதைச் சரியான இடத்தில் வைப்பது இங்கே பெரிய முன்னேற்றம்.

எலும்புக்கும் உலோகத்துக்கும் நடக்கும் பந்தயம்

ஆய்வகம் சொல்லாத இன்னொன்று: அங்கே இருக்கும் எலும்பு ஆறாது. அங்கே அளப்பது முதல் நாளின் உறுதி. நோயாளிக்கு வேண்டியது பத்து வருட உறுதி. அதை உலோகம் தருவதில்லை. இரண்டு எலும்புகளும் ஒன்றாக ஒட்டி வளர்ந்தால்தான் அது கிடைக்கும்.

ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும். டைட்டேனியமும் அப்படித்தான், அதற்கு நாள் அதிகம் ஆகும், அவ்வளவுதான். முதுகெலும்புக் கருவிகளைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்1717 தரநிலையில் 50 லட்சம் சுழற்சிகள் வரை வளைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் எலும்பு ஒட்டிவிடும் என்பதுதான் கணக்கு. ஒட்டாவிட்டால் எவ்வளவு வலுவான திருகும் ஒரு நாள் தளரும் அல்லது உடையும்.

இந்த இடத்தில்தான் முதல் நாள் உறுதியின் உண்மையான மதிப்பு தெரிகிறது. எலும்பு ஒட்ட அமைதி வேண்டும். ஆடிக்கொண்டே இருக்கும் இடத்தில் எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு வளரும். கம்பிக் காலத்தில் ஹேலோ போட்டும் கணிசமானவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். திருகு முறைகள் வந்த பிறகு பல மருத்துவத் தொகுப்புகளில் ஒட்டும் விகிதம் 95 சதவீதத்தைத் தாண்டியது. பெரும்பாலானவர்களுக்கு ஹேலோவும் தேவைப்படாமல் போனது. டிகிரி கணக்கில் சின்னதாகத் தெரிந்த வித்தியாசம், நோயாளியின் வாழ்க்கையில் மூன்று மாத இரும்பு வளையத்தை நீக்கிவிட்டது.

ஆனால் அந்த வெற்றியில் திருகுக்கு மட்டும் பங்கு இல்லை. மூட்டின் பரப்பைச் சுரண்டித் தயார்படுத்துவது, நல்ல எலும்பு ஒட்டு வைப்பது, நோயாளி புகைபிடிப்பதை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் அதே பந்தயத்தில் ஓடுகிறவைதான்.

வயதானவர்களுக்கு வேறு கணக்கு

எழுபது வயதைத் தாண்டியவர்கள் நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே முளை முறிய வாய்ப்பு உண்டு. ஆண்டர்சனும் டி’அலோன்சோவும் 1974-ல் வகுத்த மூன்று வகைகளில் இரண்டாவது, அதாவது முளையின் கழுத்தில் ஏற்படும் முறிவு, தானாக ஒட்டுவது கடினம்.

இளைஞர் என்றால் முன்பக்கமிருந்து முளைக்குள் நேராக ஒரு திருகு போடும் வழி உண்டு. வியன்னாவின் போலர் 1982-ல் பதிவு செய்த இதன் அழகு, மூட்டைப் பூட்டுவதில்லை என்பதுதான். தலை திரும்பும் திறன் காப்பாற்றப்படும். ஆனால் முறிவு புதிதாக இருக்க வேண்டும், லிகமென்ட் அறுந்திருக்கக் கூடாது, எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும். எலும்பு மெலிந்த முதியவருக்கு திருகு வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி நழுவலாம். அதனால் அவர்களுக்குப் பின்பக்க முறையையே பலர் விரும்புகிறார்கள்.

அல்லது அறுவை சிகிச்சையே வேண்டாமா? 65 வயதைக் கடந்த, இரண்டாம் வகை முறிவுள்ள 159 பேரைப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 5 சதவீதம் பேருக்கும், செய்துகொள்ளாதவர்களில் 21 சதவீதம் பேருக்கும் எலும்பு ஒட்டவில்லை. அன்றாடச் செயல்பாடும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. ஆனால் யாருக்கு எந்த சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை அது. ஓரளவு திடமாக இருந்தவர்களே அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கலாம். இதய நோயும் நுரையீரல் பிரச்சினையும் உள்ள 88 வயதுக்காரருக்கு, காலர் போட்டுக்கொண்டு, எலும்பு முழுசாக ஒட்டாவிட்டாலும் நார்த்திசு பிடித்து, வலியில்லாமல் வீட்டில் இருப்பதே நல்ல முடிவாக இருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது போதுமான உறுதி.

உறுதிக்குக் கொடுக்கும் விலை

இரண்டு எலும்புகளையும் பூட்டினால் கழுத்தின் சுழற்சியில் ஏறத்தாழ பாதி போய்விடும். கீழ் மூட்டுகள் காலப்போக்கில் கொஞ்சம் ஈடுசெய்யும், ஆனால் முழுசாக இல்லை. பைக் ஓட்டுகிறவருக்கு லேன் மாறும்போது பின்னால் பார்ப்பதும், காரை ரிவர்ஸ் எடுப்பதும் இனி உடம்பையே திருப்பிச் செய்ய வேண்டிய வேலைகள். திருகு வைக்கும்போது இரண்டாவது கழுத்து நரம்பு வெட்டப்பட்டால் பின்மண்டையில் மரத்துப்போன உணர்வு இருக்கும்.

தண்டுவடம் நசுங்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விலைதான். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விலை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

• ரத்தக்குழாய் ஓடும் பாதையைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோ எடுத்தாச்சா? இரண்டு பக்கமும் திருகுக்கு இடம் இருக்கா?

• திட்டமிட்ட திருகு போட முடியாவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன?

• எலும்பு ஒட்டு எங்கிருந்து எடுக்கப்படும்?

• மூட்டைப் பூட்டாமல், திரும்பும் திறனைக் காப்பாற்றும் வழி இந்த முறிவுக்குப் பொருந்துமா?

• காலர் எத்தனை வாரம்? எலும்பு ஒட்டிவிட்டதா என்று எப்போது சி.டி. எடுத்துப் பார்ப்பீர்கள்?

• எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, புகைப்பழக்கம்: இதில் எதைச் சரிசெய்தால் ஒட்டும் வாய்ப்பு கூடும்?

“எது ரொம்ப ஸ்ட்ராங்?” என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான விடையை ஆய்வகங்கள் ஏற்கெனவே தந்துவிட்டன, நல்ல முறைகளுக்குள் வித்தியாசமும் கொஞ்சம்தான். “இந்தக் கழுத்துக்கு, ஆபத்தில்லாமல் போடக்கூடியதில் எது உறுதி?” என்பதற்கு இயந்திரத்திடம் பதில் கிடையாது. நோயாளியின் ஸ்கேனைப் பக்கம் பக்கமாகப் பார்த்த டாக்டரிடம்தான் உண்டு.